நாலேகால் அங்குலக் குழி

(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

   

இன்று மாலை இம்மேடையில் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டபோது, எப்பொருள்பற்றிப் பேசுவது என்ற வினாவே முதலில் எழுந்தது. இளைஞரின் கடமை, கல்வியின் பயன், ஒற்றுமையின் சிறப்பு என்பனபற்றி எம்மினும் கற்ற பெரியோர் இதே மேடையில் பலமுறை பேசிவிட்டனர். அவற்றை நாமும் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகவே முடியும். ஆகவே, நாம் அனுபவித்து அறிந்த ஒன்றைப்பற்றியே பேசுவோம் எனத் துணிந்தோம். நாம் அறிந்தது மிகச் சிறியது. அதன் அகலம் நாலேகால் அங்குலம்.

சிரிக்கவேண்டாம். கொல்ப் என்னும் விளையாட்டிலே பந்து சென்று விழவேண்டிய குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அதாவது 108 மில்லிமீற்றர். 1891ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்து நாட்டுச் சென்ற் அன்றூஸ் நகரத்துக் கழகம் இவ்வளவை விதித்தது. அன்றுதொட்டு இன்றுவரை அவ்வளவு மாறவில்லை. வல்லவனுக்கு ஒடுங்கிய குழியென்றும் புதியவனுக்கு அகன்ற குழியென்றும் வேறுபாடு கிடையாது. பந்தின் விட்டமோ 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. குழியின் குறுக்கே ஒரே வரிசையில் இரண்டு பந்துகளை வைக்கலாம், மூன்றாவதற்கு இடமில்லை. இத்துணைச் சிறிய குழிதான் எமக்கு ஆசிரியனாக அமைந்தது.

கொல்ப் எமது ஊருக்கு அந்நியமான ஆட்டம் என்பதை நாம் மறுக்கமாட்டோம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் இதற்கான கழகங்கள் தோன்றின. கொழும்பு மைதானத்தின் ஊடாகக் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை செல்வதை உங்களுட் சிலர் கண்டிருப்பீர்கள். எம்மில் மற்றையோர் இவ்வாட்டத்தைப் படத்திலே பார்த்ததோடு சரி. பணம்படைத்தோர் புல்வெளியில் நடந்து பொழுதுபோக்கும் வேலை என்றே நாமும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர் எமது பெரியப்பா. மலைநாட்டுத் தோட்டமொன்றிலே நெடுங்காலம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர் அவர். அங்கிருந்த காலத்தில் துரையொருவர் பாவித்துக் கழித்த கோல்களைக்கொண்டு இவ்வாட்டத்தைப் பயின்றவர். இளைப்பாறி ஊருக்கு வரும்போது பெட்டி படுக்கைகளோடு ஒரு பழைய கோலையும் கொண்டுவந்தார். தட்டையான முகமும், தோல் சுற்றிய கைபிடியும் உள்ள அக்கோலைப் ‘பற்றர்’ என்பர். குழியைச் சூழ ஒட்ட வெட்டிய புற்றரையிலே பந்தை நிலத்தோடு உருட்டிக் குழியில் வீழ்த்துவதற்கு உரியது அது. அவ்வாறு உருட்டுதலைப் ‘பற்றிங்’ என்பர்.

“தம்பி, இந்த ஆட்டத்திலை பாதி இந்தக் கோலிலைதான் கிடக்கு” என்று பெரியப்பா ஒருநாள் கூறினார். மிகைப்படச் சொல்கிறார் என்றே கருதினோம். ஆயின், கணக்குப் பார்த்தபோது அவர் கூற்று உண்மையாயிற்று. மைதானமொன்றில் 18 குழிகள். தேர்ந்த ஆட்டக்காரர் 72 அடிகளில் அவற்றை முடிக்கவேண்டுமென்று விதித்திருந்தால், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பற்றிங் அடிகள் என வைத்தே அக்கணக்கை வகுத்திருப்பர். பதினெட்டை இரண்டாற் பெருக்கினால் 36; எழுபத்திரண்டிற் சரிபாதி. வானத்திற் பறந்து இருநூறு யாருக்கு அப்பால் விழும் அடியும் ஒன்று. மூன்று அங்குலம் உருளும் அடியும் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெறுமதி.

பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டில் இருந்த நாட்களிலே நாம் இப்பற்றிங்கைப் பயிலத் தொடங்கினோம். ஊரில் மைதானம் இல்லை. ஆனால், வீட்டுக்குள் விரித்துப் பழகுவதற்கென்று செயற்கைப் புல் நெய்த பாய்கள் விற்பனைக்கு உண்டு. பத்தடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பாயொன்றைக் கொழும்பிலிருந்து ஒரு நண்பர் வாங்கியனுப்பினார். அதன் ஒரு தலைப்பில் மேடுபோல உயர்ந்த பலகை, அப்பலகையிலே குழி, குழியில் விழும் பந்து தானாகவே உருண்டு எம் காலடிக்கு வந்துசேர ஒரு வாய்க்கால். குனிந்து பந்தெடுக்கும் சிரமமும் இல்லை. இதனிலும் வசதி வேறென்ன வேண்டும்?

கூடத்தின் நடுவே பாயை விரித்தோம். காலையும் மாலையும் ‘டொக், டொக்’ என்ற ஓசை வீட்டில் ஒலித்தது. “படிக்கிற பிள்ளை பாக்கிற வேலையோ இது?” என்று அம்மா கடிந்துகொண்டார். நாம் பொருட்படுத்தவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமன்றோ? ஒரே இடத்தில் நின்று, ஒரே தூரத்தில், ஒரே குழிக்கு நூறு பந்துகள், இருநூறு பந்துகள் என்று அடித்தோம். ஒரு மாதத்தில் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழியில் விழலாயின. “தொடர்ந்து முப்பது பந்து, பெரியப்பா! ஒன்றுகூடத் தவறவில்லை” என்று ஒருநாள் பெருமையோடு சொன்னோம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அம்முப்பது முழுமையான முப்பதன்று. இடையிலே இரண்டு பந்துகள் விளிம்பில் உரசி வெளியேறின. ‘கால் சரியாக நிற்கவில்லை; இது கணக்கில்லை’ என்று எமக்கு நாமே சொல்லி, அவற்றைத் திரும்ப அடித்தோம். கேட்பவர் எவரும் இல்லை. பெரியப்பா எமது சொல்லை அப்படியே நம்பினார். நம்பியதோடு நில்லாமல், மலைநாட்டில் அவருடைய பழைய நண்பர்கள் கூடி நடத்தும் இருவர் இருவரான பந்தயத்தில் எம்மைத் தமது துணையாகச் சேர்த்தும் கொண்டார். முழங்கால் நோ அவருக்கு அப்போதே இருந்தது. “இதுதான் கடைசித்தரம், தம்பி. இனி இந்த மேடு பள்ளம் நடக்கேலாது” என்று புகையிரதத்திலே சொன்னார்.

பந்தயத்தை விரிப்பிற் பெருகும். பெரியப்பா மெல்ல மெல்ல நடந்து, நோவை மறைத்து, நன்றாகவே ஆடினார். பதினெட்டாம் குழியில் எமது அணி சமநிலையில் நின்றது. இறுதி அடி எம்முடையது. தூரம் இரண்டரை அடி, சற்றே இறக்கம். அதனை வீழ்த்தினால் வெற்றி. ஒன்று தவறி மற்றது விழுந்தாலும் சமநிலை. முதியவர்கள் புற்றரையைச் சூழ நின்றனர். எவரும் பேசவில்லை. நாம் பாயில் அடிப்பதுபோலவே அடித்தோம். பந்து இடப்பக்க விளிம்பை உரசி, எட்டிப் பாய்ந்து, நாலடி கடந்து நின்றது. நடுங்கிய கையோடு திரும்பி அடித்த பந்தும் தவறியது. தோற்றோம்.

பெரியப்பா எம்மைக் கடியவில்லை. தொப்பியைக் கழற்றி எதிரணியினருக்குக் கைகொடுத்தார். திரும்பும் வழியில், நானுஓயா நிலையத்திலே தேநீர் அருந்தும்போது, ஒன்றே ஒன்று கேட்டார். “தம்பி, அந்த முப்பதும் உண்மையாய் முப்பதுதானோ?” எமக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

அன்பர்களே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. வீடு வந்ததும் நாமும் அதைத்தான் செய்தோம். கூடத்தின்மேற் பழிபோட எண்ணி, மேசனிடம் நீர்மட்டம் இரவல் வாங்கிவந்து நிலத்திலே வைத்துப் பார்த்தோம். வியப்பு யாதெனில், கூடம் உண்மையாகவே கோணல்தான்! கழுவும் நீர் வடிந்தோடுதற்காக முற்றத்துப் பக்கம் சற்றே சாய்வாகச் சீமெந்து இழைத்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத அச்சாய்வில் எமது பந்துகள் ஒவ்வொன்றும் சிறிது வலப்புறம் விலகியே ஓடியிருக்கின்றன. அதனை ஈடுசெய்ய எமது கை, எமது அறிவுக்குத் தெரியாமலே, இடப்புறம் அடிக்கப் பழகிவிட்டது. பாயில் அது குழியிற் சேர்ந்தது. மலைநாட்டுப் புற்றரையில் இடப்பக்க விளிம்பிற் சேர்ந்தது.

கூடம் கோணல் என்று கண்டபின்னர் மகிழ்ச்சி வரவில்லை. கோணலான கூடத்தில் ஒரு மாதம் பழகியும் அது கோணல் என்று அறியாதிருந்தவர் நாமேயன்றோ? ஆதலின், பாய் எமக்குக் கற்பித்த பொய்கள் இன்னும் எத்தனை என்று ஆராயத் தொடங்கினோம். மூன்று பொய்களைக் கண்டோம்.

முதலாவது, இப்போது சொன்ன சாய்வு. இரண்டாவது, பாயின் தலைப்பிலுள்ள மேட்டுப்பலகை. பந்து அம்மேட்டில் ஏறவேண்டுமாயின் பலமாக அடிக்கவேண்டும். பலமாக அடித்தாலும் பின்னேயுள்ள தடுப்பில் மோதிக் குழிக்குள்ளேயே விழும். ஆகவே, நாம் கற்றது குழியில் வீழ்த்தும் கலையன்று; சுவரில் மோதும் கலை. உண்மையான குழிக்குப் பின்னே சுவர் கிடையாது. மெதுவாக வரும் பந்துக்கே அது நாலேகால் அங்குலக் குழி. வேகமாக வரும் பந்துக்குக் குழி சுருங்கிவிடும். 1991ஆம் ஆண்டில் பிறையன் ஹோம்ஸ் என்னும் பௌதிகவியலாளர் இதனைக் கணித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். செக்கனுக்கு ஏறத்தாழ 1.6 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்து, குழியின் நட்டநடுவே வந்தாலும் தாண்டிப் போய்விடும் என்பது அவர் கண்ட முடிவு. விளிம்போரமாக வரும் பந்துக்கோ அதனினும் மிகக் குறைந்த வேகமே போதும் தப்பிப்பதற்கு. டேவ் பெல்ஸ் என்னும் பயிற்சியாளர், முன்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர், தவறினால் குழியை 17 அங்குலம் கடந்து நிற்கக்கூடிய வேகமே உகந்தது என்று கூறினார். நாமோ நாலடி கடந்தோம்.

மூன்றாவது பொய்யே மிகப் பெரியது. ஒரே இடத்தில் நின்று ஒரே தூரத்துக்கு நூறுமுறை அடித்தால், நூறாவது அடி முதலாவதிலும் நன்றாக அமையும். திறமை வளர்ந்துவிட்டது என்ற மயக்கம் உண்டாகும். உளவியலாளர் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். 1979ஆம் ஆண்டில் ஷே, மோர்கன் என்ற இருவர் கையசைவுப் பயிற்சிகளை வைத்து இதனைச் சோதித்தனர். 1986ஆம் ஆண்டில் கூட், மகில் என்ற இருவர் பட்மின்ரன் ஆட்டத்தில் மூவகைத் தொடக்க அடிகளைக்கொண்டு சோதித்தனர். ஒருவகையைத் தொடர்ந்து அடித்து முடித்தபின் மறுவகைக்குச் சென்றவர் ஒரு பகுதியினர். ஒழுங்கின்றி மாற்றி மாற்றி அடித்தவர் இன்னொரு பகுதியினர். பின்னர் நடத்திய சோதனையில் மாற்றி மாற்றி அடித்தவரே மேம்பட்டு நின்றனர். இலகுவாகத் தோன்றிய பயிற்சி கையில் தங்கவில்லை. இடர்ப்பட்டுக் கற்றது தங்கிற்று. பரீட்சைக்கு ஒரே கணக்கைப் பத்துமுறை செய்து பார்த்து, மண்டபத்தில் வேறு கணக்கைக் கண்டு திகைக்கும் மாணவருக்கு இதனை விளக்கிக்கூற வேண்டியதில்லை. அம்மி நகரவேண்டுமாயின் அடிமேல் அடி வேண்டும், மெய்தான். ஆனால், அவ்வடிகள் எல்லாம் ஒரே அடியாக இருத்தல் ஆகாது.

இம்மூன்று பொய்களையும் அறிந்தபின் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டோமா? இல்லை. பாயின்மேற் குற்றமில்லை, பாவித்தவரின்மேலேயே குற்றம். நாம் செய்த மாற்றங்களைச் சுருக்கமாகக் கூறுகின்றோம். இளைஞர்களுட் சிலருக்கேனும் பயன்படலாம்.

முதலிலே நிலத்தைச் சோதித்தோம். பாயை மற்றொரு சுவரோரமாக மாற்றி, சாய்ந்த பக்கத்தின் கீழே மட்டைகளை அடுக்கி, நீர்மட்டத்தின் குமிழி நடுவே நிற்கும்வரை சரிசெய்தோம். சுருட்டி வைத்ததால் மடிந்துகிடந்த ஓரங்களைப் பாரமான புத்தகங்களை ஏற்றி ஓரிரவு வைத்துத் தட்டையாக்கினோம். பின்பு மேட்டுப்பலகையை அகற்றினோம். அதற்குப் பதிலாக ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியைப் பாயிலே வைத்து, பந்து அதன்மேல் உருண்டு சென்று அப்பால் ஓரடி முதல் ஒன்றரை அடிக்குள் நிற்கவேண்டும் என்று விதி வகுத்தோம். குற்றியின்மேற் செல்லாத பந்தும் தவறு. சென்றும் தூரத்தே ஓடிய பந்தும் தவறு.

இரண்டாவதாக, நேரே அடிக்கப் பழகினோம். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கோலின் முகம் பார்க்கும் திசையே. பத்தடி தூரத்தில் அம்முகம் ஒரு பாகை திரும்பினாற் போதும். பந்து இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விலகிவிடும். குழியின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரமும் அவ்வளவே. மூன்றடி தூரத்திலோ மூன்று பாகைவரை பிழை பொறுக்கும். இதனைச் சோதிக்க ஒரு மீற்றர் அடிமட்டம் போதும். அதனை நிலத்தில் வைத்து, ஒரு நுனியில் பந்தை வைத்து, மறு நுனிவரை விழாமல் உருட்டவேண்டும். செய்து பாருங்கள். முதல்நாள் பத்துக்கு இரண்டுதான் எமக்குத் தேறின.

மூன்றாவதாக, தூரத்தை மாற்றினோம். இரண்டடி, ஐந்தடி, மூன்றடி, எட்டடி என்று சீட்டுக் குலுக்கி, வந்த தூரத்துக்கு ஒரேயொரு பந்து. பந்து தானாகத் திரும்பும் வாய்க்காலையும் நீக்கினோம். ஒவ்வொரு பந்துக்கும் நடந்துசென்று, குனிந்து எடுத்து, திரும்பி வந்து, புதிதாக நின்று அடித்தோம். அதனால் அடிகள் குறைந்தன. ஆயினும், ஒவ்வொரு அடியும் மைதானத்து அடிபோல ஒன்றேயொன்றாயிற்று. கண்ணைப்பற்றியும் ஒரு பாடம் கற்றோம். கனடா நாட்டுக் கல்கரிப் பல்கலைக்கழகத்து ஜோன் விக்கேர்ஸ் என்னும் அம்மையார் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்குமுன் பந்தை அசையாது நோக்கி நிற்பர் என்றும், பந்து சென்ற பின்னும் கண்ணை உடனே உயர்த்தமாட்டார் என்றும் கண்டார். நாமோ பந்து விழுமுன்னரே குழியைப் பார்ப்பவர். பாராட்டுவோர் உண்டா என்று சுற்றுமுற்றும் பார்ப்பவர். இப்போது பந்து இருந்த இடத்தையே நோக்கி, காதினாற் கேட்கப் பழகுகின்றோம்.

அதே 1992ஆம் ஆண்டில் மாஸ்ரேர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் பற்றிங்கைப் புதிதாகக் கற்போரை இரு வகையாகப் பயிற்றினார். ஒரு பகுதியினருக்கு விதிகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. இன்னொரு பகுதியினர், ஒழுங்கில்லாத எழுத்துக்களை வாயாற் சொல்லிக்கொண்டே விதியொன்றும் அறியாமற் பழகினர். பின்னர் மனநெருக்கடி உண்டாக்கிச் சோதித்தபோது, விதி கற்றோர் தடுமாறினர். மற்றையோர் அவ்வாறு தடுமாறவில்லை. பதினெட்டாம் குழியில் எமது மனத்தில் ஓடியவை எத்தனை விதிகள் தெரியுமா? முழங்கையை மடக்காதே, தலையைத் தூக்காதே, மணிக்கட்டை அசைக்காதே! கை பாவம், யார் சொல்லைக் கேட்கும்?

நான்காவதாக, ஒரு கொப்பி. இதுவே முதன்மையானது. பந்து விழுந்தால் ஒரு கோடு; தவறினால் ஒரு புள்ளி. ‘இது கணக்கில்லை’ என்ற சொல்லுக்கு அக்கொப்பியில் இடமில்லை. முதல் வாரத்தில் மூன்றடித் தூரத்தில் ஐம்பதுக்கு முப்பத்தேழு. அது எமக்கு வெட்கமாயிருந்தது. ஆயினும், அதுதான் எம்மைப்பற்றி நாம் எழுதிய முதல் உண்மையான எண்.

உலகின் முதல்தர ஆட்டக்காரர் எவ்வளவு வீழ்த்துகின்றனர் என்று பின்னர் தேடிப் படித்தோம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மாக் புறோடி, அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரின் எண்ணற்ற அடிகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மூன்றடியில் அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 96 வீழ்த்துவர், ஐந்தடியில் 77, எட்டடியில் 50, பத்தடியில் 40, இருபதடியில் 15. எட்டடிக்கு அப்பால் உலக வீரனும் வீழ்த்துவதிலும் தவறுவதே அதிகம் என்பதைக் கண்டபோது இரண்டு பாடங்கள் கிடைத்தன. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை ஐந்தடிக்குட்பட்ட தூரத்திற் செலவிடவேண்டும் என்பது ஒன்று. தூரத்தில் தவறியதற்கு மனம் மடியலாகாது என்பது மற்றது.

அருகில் தவறியோரும் பெரியோருள் உளர். 1970ஆம் ஆண்டில் சென்ற் அன்றூஸ் மைதானத்தில் நடந்த பகிரங்கப் போட்டியின் இறுதிக் குழியிலே, மூன்றடிக்குட்பட்ட பந்தொன்றை வீழ்த்தினால் டக் சாண்டேர்ஸ் வெற்றியாளர். தவறினார். மறுநாள் நடந்த தீர்ப்பாட்டத்தில் ஜக் நிக்லஸ் ஓரடி வித்தியாசத்தில் வென்றார். அத்தகைய பெரும்போட்டி எதனையும் சாண்டேர்ஸ் பின்னரும் வெல்லவில்லை. 2012ஆம் ஆண்டில் கொரிய நாட்டு வீராங்கனை இன்-கியுங் கிம், பெரும்போட்டியொன்றின் இறுதிப் புற்றரையில் ஓரடித் தூரத்துப் பந்தைத் தவறவிட்டுத் தீர்ப்பாட்டத்தில் தோற்றார். அவரோ ஆட்டத்தை விட்டுவிடவில்லை. ஐந்தாண்டு கழித்து, 2017இல், பிரித்தானியப் பெண்கள் பகிரங்கப் போட்டியில் வெற்றி பெற்றார். தவறுதல் இருவருக்கும் பொது. அதன்பின் வருவதை முன்னறியவே முடியாது. தொடர்ந்து ஆடுவது ஒன்றே எம் கையில் உள்ளது.

இன்னும் ஒருவரைக் கூறி அமைகின்றோம். 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பொபி ஜோன்ஸ் என்னும் இளைஞர் அடிக்க ஆயத்தஞ்செய்கையில் தமது பந்து சிறிது அசைந்ததைக் கண்டார். வேறெவரும் அதனைக் காணவில்லை. தாமாகவே முன்வந்து தம்மேல் ஓரடி தண்டம் விதித்துக்கொண்டார். அதன் பயனாகச் சமநிலை ஏற்பட்டு, தீர்ப்பாட்டத்தில் தோற்றார். எவரும் காணாத இடத்திலே தம் கணக்கைத் தாமே எழுதியவர் அவர். எவரும் காணாத எமது கூடத்திலே நாம் எழுதிய கணக்கை எண்ணும்போது நெஞ்சு சுடுகின்றது.

ஆதலால், சென்ற விடுமுறையில் ஒரு மாலை, அக்கொப்பியை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குச் சென்றோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். “பெரியப்பா, அந்த முப்பது முப்பதில்லை. இரண்டு தவறினது. நான் மறைச்சுப்போட்டன்” என்று சொல்லிக் கொப்பியை நீட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “புள்ளி கனக்கக் கிடக்கு” என்றார். “ஓம்” என்றோம். “நல்லது. புள்ளி போடத் தெரிஞ்சவனோடைதான் ஆடலாம். நாளைக்குப் பாயைக் கொண்டுவாரும்” என்றார்.

மறுநாள் பாய் அவருடைய விறாந்தைக்குச் சென்றது. இன்றும் அங்கேயே இருக்கின்றது. அவர் சொன்னவாறே மலைநாட்டுப் பந்தயம் அவருக்குக் கடைசிப் பந்தயமாயிற்று. இப்போது ஊன்றுகோலின்றி நடக்க இயலாது. ஆயினும், ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அப்பழைய பற்றரை எடுத்து அடிப்பார். பந்தெடுத்துக் கொடுப்பது எமது பணி. கொப்பி எழுதுவது அவர் பணி. மூன்றடித் தூரத்தில் எமது எண் இப்போது ஐம்பதுக்கு நாற்பத்தைந்து. அவருடையது நாற்பத்தாறு. ஒற்றைக் கையால் என்பதை மறவாதீர்கள்.

அவர் இழந்த அந்த வெற்றியை நாம் திருப்பிக் கொடுக்க இயலாது. அதனை இங்கே மறைக்கவும் விரும்பவில்லை. விறாந்தையில் மாலை ஒருமணி நேரம் அவரோடு நின்று பந்தெடுத்துக் கொடுப்பதே எம்மால் இயன்றது. அவ்வொரு மணி நேரத்தில் அவர் தோட்டத்துக் கதைகள் சொல்வார். நாம் பல்கலைக்கழகக் கதைகள் சொல்வோம். முன்னர் இருவரும் இவ்வளவு பேசியதில்லை.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கொல்ப் ஆடவேண்டுமென்று நாம் கூறவில்லை. சங்கீதம் பயில்வோராயினும், தட்டெழுத்துப் பயில்வோராயினும், பரீட்சைக்குப் படிப்போராயினும், பழகும் இடம் கோணலா என்று முதலிற் பாருங்கள். இலகுவாக வருகிறதே என்று மகிழுமுன், இலகுவாக்கியது எது என்று கேளுங்கள். ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதில் புள்ளிகளையும் போடுங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் வந்து முப்பது என்று சொன்னால் மகிழ்ச்சியோடு கேளுங்கள். கூடவே ஒருநாள் கூடத்துக்கு வந்து பக்கத்தில் நின்றும் பாருங்கள். குற்றம் பிடிப்பதற்காக அன்று. பக்கத்தில் ஒருவர் நின்றால் ‘இது கணக்கில்லை’ என்ற சொல் வாயில் வராது. அவ்வுதவி எமக்கு வேண்டியிருக்கிறது.

நாலேகால் அங்குலக் குழியைப்பற்றி இத்துணை நேரம் பேசிவிட்டோம். படியேற இயலாமையால் இன்று வராது, எமது பெரியப்பா வீட்டிலே கொப்பியோடு காத்திருக்கின்றார்.